தீனி டப்பா

ஜூலை 4

இந்த டைரி யூனியன் கொடுத்தது. வருஷா வருஷம் கொடுக்கிறார்கள், வருஷா வருஷம் என் மனைவி குணசுந்தரி அதைக் கோலம் போட்டுப் பார்க்க எடுத்துக்கொள்வாள். இந்த முறை நான் பிடுங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி நர்ஸின் உத்தரவு அப்படி. வாந்தி வந்தால் எழுதி வையுங்கள், வயிறு போனால் எழுதி வையுங்கள், காய்ச்சல் வந்தால் எழுதிக்கொண்டு உட்காராமல் போன் பண்ணுங்கள்.

முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்த வகை எழுத இடம் விட்டிருக்கிறார்கள். ஏகாம்பரம். பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். பி பாசிட்டிவ். வியாதி எழுத இடம் விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். கழுத்தில் கோலிக்குண்டு அளவில் ஒன்று, வயிற்றுக்குள் எலுமிச்சை அளவில் ஒன்று. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் ஆறு தடவை. குணமாகக்கூடிய ஜாதிதான் என்று டாக்டர் நளாயினி சொன்னார். முழுசாக முடித்தால், என்றும் சேர்த்துச் சொன்னார்.

நேற்று முதல் தடவை. ஏற்றுவதற்கு முன் டாக்டர் கேட்டார், "வீட்ல ஏதாவது வளக்கிறீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் குணா, "மொட்ட மாடியில புறா" என்றாள். போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்கிற மாதிரி சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"புறா எச்சத்துல இருக்கிற கிருமி நுரையீரலுக்குள்ள போனா இப்ப உங்க உடம்பால சமாளிக்க முடியாது. சிகிச்சை முடியிற வரைக்கும் மாடிப் பக்கமே போகாதீங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து குணா நடத்தி வரும் வழக்கு அது. நேற்று தீர்ப்பு வந்துவிட்டது.

ஜூலை 5

காசிம் பாய் வந்து எல்லாப் பறவைகளையும் கூடையில் போட்டு எடுத்துப் போனார். இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. பந்தய சீசனில் எனக்கு எதிரி, மற்ற நாளில் சிநேகிதர்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. குஞ்சுக்குப் பெயர் வைக்க மாட்டோம். கூடையோடு ரயிலேற்றி வடக்கே ஏதாவது ஒரு ஸ்டேஷனில் திறந்துவிடுவோம். வீடு வந்து சேர்ந்தால் அந்த ஊரின் பெயர். வராதது பெயரில்லாமலே போய்விடும். கூடூரிலிருந்து வந்தது கூடூர். அதுவே அடுத்த தடவை நெல்லூரிலிருந்து வந்துவிட்டால் நெல்லூர் ஆகிவிடும், பிரமோஷன் மாதிரி. என்னிடம் இருப்பதில் பெரிய பெயர் ஓங்கோல். சாம்பல் நிறப் பெட்டை, இடது காலில் ஒரு நகம் கிடையாது, அந்தக் காலை லேசாகத்தான் வைக்கும். ஓங்கோலை மட்டும் கடைசியாகக் கூடைக்குள் விட்டேன். நெஞ்செலும்புக்கு இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். கெட்டியான சதை. பறவையின் பலம் முழுக்க அங்கேதான்.

"ஒரு மாசத்துக்குக் கூண்டத் தொறக்காத பாய். தொறந்தா நேரா இங்கதான் வரும்."

"எனக்கே பொறா வளக்கச் சொல்லித் தரியா? போய்ப் படுப்பா."

கம்பு தானியம் போட்டுக் குலுக்கிக் கூப்பிடுகிற பழைய பால்பவுடர் டப்பாவை மட்டும் நான் கொடுக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் வானத்தில் எங்கே இருந்தாலும் இறங்கும். டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 8

ஏற்றிய மருந்துகளில் ஒன்று நன்னாரி சர்பத் நிறம். சிவப்பு மருந்து என்றே எல்லாரும் சொல்கிறார்கள். அன்றைக்கு மூத்திரமும் அதே நிறத்தில் போயிற்று. பயந்து போய் குணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் கீது, கண்காட்சி" என்றாள்.

கூடவே ஐந்து நாளைக்கு மாத்திரை. அதைப் போட்டால் பசி என்றால் பசி, அப்படி ஒரு பசி. காலையில் எட்டு இட்லி. அதற்கு மேல் என்ன உண்டு என்று அடுப்படியில் போய் நின்றேன். தூக்கமே இல்லை, ஆனால் உடம்பு தரையில் படாமல் மிதக்கிறது. இதற்குப் பெயர்தான் புற்றுநோய் மருந்து என்றால் போடட்டும், ஆறென்ன, பத்து போடட்டும்.

ஜூலை 9

மாத்திரை நின்றது. யாரோ ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஜூலை 15

வயிறு நான்கு நாளாக வேலைநிறுத்தம். ஊசி மருந்தில் ஒன்று நரம்பைப் பிடிக்குமாம், குடலின் நரம்பையும் சேர்த்து. குடல் அசையாமல் கிடக்கிறது. விளக்கெண்ணெய், பேயன் பழம், வெந்நீர், குணா எதையும் விடவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு சிரப் கொடுத்தார்கள். காரியம் ஆனதும் வெளியே வந்து குணாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வாசல் மாடத்துப் பிள்ளையாருக்கு அவள் கற்பூரம் கொளுத்தினாள். எங்கள் வீட்டில் இதுவரை இந்தக் காரியத்துக்குக் கற்பூரம் கொளுத்தியதில்லை.

ஜூலை 25

இரண்டாவது தடவை முடிந்தது. இந்த முறை மிதக்கவில்லை.

ஆகஸ்ட் 3

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். முட்டை, பருப்பு, மீன் சாப்பிட வேண்டுமாம். தினமும் நடக்க வேண்டுமாம். உடம்புக்கு முடியாதவனை நடக்கச் சொல்கிற வைத்தியம் எந்த ஊரில் உண்டு என்று தெரியவில்லை.

முடியாத பறவைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இறக்கை தொங்கி வந்து விழுகிறதா, இருட்டுப் பெட்டியில் போடு. மேலே சாக்கைப் போர்த்து. தண்ணீர் வை, ஊறவைத்த பயறு நாலு வை, அவ்வளவுதான். அசையவிடக் கூடாது. வெளிச்சம் பட்டால் பறக்க நினைக்கும், நினைத்தாலே பலம் செலவாகும். இப்படி எத்தனையோ உயிரைப் பிழைக்க வைத்திருக்கிறேன்.

அதனால் இன்றிலிருந்து அதே வைத்தியம். ஜன்னலைச் சாத்தி, குணாவின் பழைய புடவையை மடித்துத் தொங்கவிட்டேன். கஞ்சித் தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டேன்.

"இன்னாய்யா இது, பகல்லயே பேய் வீடு மாதிரி?"

"பலத்த சேத்து வெக்கிறேன்."

"கஞ்சித் தண்ணியிலயா சேத்து வெக்கிற?"

அவளுக்குப் பறவையைப் பற்றி என்ன தெரியும். கூண்டைத் தொட்ட கையால் தட்டைத் தொடாதே என்பதைத் தவிர இத்தனை வருஷத்தில் புறாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆகஸ்ட் 10

இருட்டு நன்றாக இருக்கிறது. பகலா சாயங்காலமா என்று தெரியாது. கண்ணை மூடினால் ரயில் போகிறது, திறந்தாலும் போகிறது. ஒரு தடவை கட்டில் முழுவதும் தண்ணீர் போலிருந்தது, நான் அதன் மேல் கிடந்தேன், ஈரமாகவில்லை.

இன்று மழை. ஜன்னலுக்கு மேல் இருக்கும் தகரச் சாய்ப்பில் மழைச் சத்தம் நின்ற பிறகு வேறு ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். நடை. ஓரடி அழுத்தமாக வைத்து அடுத்ததை லேசாக வைக்கிற நடை. பிறகு இறக்கையை உதறுகிற சத்தம்.

"மேல எதுனா வந்துக்கீதா?" என்று கேட்டேன்.

"காக்கா" என்றாள் குணா.

காக்காய் குதித்துக் குதித்துப் போகும். இது நடந்தது. ஆனால் கனவில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 19

மூன்றாவது தடவை ஏற்றி ஐந்து நாள். வாய் முழுக்கப் புண். தண்ணீர் குடித்தால் மிளகாய் அரைத்துக் குடித்த மாதிரி. அதோடு வயிறு, போன மாசம் வேலைநிறுத்தம் செய்தது, இந்த மாசம் ஓவர்டைம் பார்க்கிறது. வாயிலிருந்து கடைசி வரை உள்ளே இருப்பதெல்லாம் ஒரே தோல்தானாம், மருந்து அதை முழுக்க உரித்துவிட்டுப் புதிதாக வளர்க்குமாம். நர்ஸ் போனில் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

சட்டைப் பட்டன் போட முடியவில்லை. விரல் நுனி மரத்துப் போயிருக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஜாயின்ட்டை வெல்ட் பண்ணின கை இது. குணா வந்து போட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் பட்டன் மேல் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27

குணாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. சாயங்காலம் ஆனால் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிறாள். காலையில் காயப்போட்டதை எடுக்கத்தானே சாயங்காலம் போக வேண்டும். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு போகிறாள். இறங்கி வந்ததும் நேராகக் குளியல். தலைக்கு வேறு ஊற்றிக்கொள்கிறாள். வெயில் அதிகம் என்கிறாள்.

எனக்குக் கஞ்சி கொடுக்கக் குனிந்தபோது முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு கம்பு உதிர்ந்தது. கம்பங்கூழ் காய்ச்சப் போகிறாளோ என்னவோ. எனக்கு வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு டப்பாவைத் தேடினேன். எட்டவில்லை. எழுந்து பார்க்க அலுப்பாக இருந்தது.

செப்டம்பர் 2

இன்று அரைத்தூக்கத்தில் டப்பா குலுங்கும் சத்தம் கேட்டது, மேலே வெகு தூரத்தில். நானே மாடியில் நின்று குலுக்குகிறேன், வானம் முழுக்க என் பறவைகள், ஒன்றும் இறங்கவில்லை, எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே சுற்றுகின்றன. கேட்டதற்குத் தண்ணீர் டேங்க் வால்வு என்றாள் குணா.

மாடிக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்தான். டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று போகவில்லை. மற்றபடி படி ஏறுவது எனக்கு ஒரு பெரிய விஷயமில்லை.

செப்டம்பர் 5

நான்காவது தடவைக்குப் போனோம். ஏற்றவில்லை.

முதலில் நெஞ்சில் பசை தடவி எக்கோ எடுத்தார்கள். திரையில் என் இதயம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், கையில் பிடித்த பறவையைப் போல அடித்துக்கொண்டிருந்தது. அது பாட்டுக்கு வேலை செய்கிறதே என்று அதன் மேல் ஒரு பாசம் வந்தது.

அப்புறம் டாக்டர் நளாயினி ஒரு நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. கைய மார்ல கட்டிக்கிட்டு எழுந்து நில்லுங்க."

இது ஒரு பரீட்சையா என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன். அதாவது எழுந்ததாக நினைத்தேன். உட்கார்ந்தேதான் இருந்தேன். மறுபடியும் முன்னால் சாய்ந்து உந்தினேன். தொடை என்னுடையதே இல்லை என்பது போல இருந்தது. மூன்றாவது முறை குணா கையை நீட்டினாள். டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். நான் அப்படியே உட்கார்ந்து தரையைப் பார்த்தேன்.

"கடைசியா எப்ப நடந்தீங்க?"

"பாத்ரூமுக்கு."

"அது நடை இல்ல. என்ன சாப்பிடறீங்க?"

"கஞ்சித் தண்ணி டாக்டர்" என்று குணா சொன்னாள். "ஒரு மாசமா இருட்டுல படுத்துக்கினே கீறாரு. கேட்டா வைத்தியமாம்."

"யார் சொன்ன வைத்தியம்?"

புறா வைத்தியம் என்று எப்படிச் சொல்வது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நோய் ஒரு பக்கம் தசையத் தின்னுது. அந்த அஞ்சு நாள் மாத்திரை தொடையத் தின்னுது. மிச்சம் இருக்கிறத படுக்கை தின்னுது. முதல் ரெண்டுக்கும் நான் பொறுப்பு. மூணாவது நீங்க. இதயமும் தசைதான் ஏகாம்பரம். அந்த சிவப்பு மருந்து கட்டிய அடிக்கும்போது அதையும் கொஞ்சம் அடிச்சிருக்கு. ரத்தத்த முன்ன மாதிரி அழுத்தித் தள்ளல. இனிமே சிவப்பு மருந்து கிடையாது. அதுக்குப் பதிலா வேற இருக்கு. ஆனா அதத் தாங்கவும் உடம்புல பலம் வேணும். மூணு வாரம் தரேன். இதயத்துக்கு மாத்திரை எழுதறேன். வந்து இதே நாற்காலியிலேருந்து எழுந்து நில்லுங்க."

"நிக்க முடியலன்னா?"

"அப்ப மிச்சத்த ஏத்த முடியாது."

பாதி வெல்டில் விட்ட ரயில் பெட்டியை எந்த ஒர்க்‌ஷாப்பும் லைனில் விடாது. ஓடும், கொஞ்ச தூரம் ஓடும். எனக்குப் புரிந்தது. பயமாக இருந்தது.

செப்டம்பர் 6

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. குணா ஜன்னலில் இருந்த புடவையை அவிழ்த்துவிட்டாள். நான் தடுக்கவில்லை.

செப்டம்பர் 8

மத்தியானம் கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து குணா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் வேட்டியை ஒதுக்கித் தொடையில் கை வைத்தாள். எலும்புக்கு இரண்டு பக்கமும் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். மறுபடி மேலே போய் வந்தாள். அப்புறம் என் தோள், காறையெலும்பு. அதே விரல், அதே அழுத்தம்.

அவள் அழவில்லை. மூக்கை மட்டும் ஒரு தடவை உறிஞ்சினாள்.

அது பறவையைத் தடவும் முறை. சதை இருக்கிறதா தேய்ந்துவிட்டதா என்று பார்க்கும் முறை. பெட்டைக்கும் சேவலுக்கும் வித்தியாசம் தெரியாத இவளுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தது? கண்ணைத் திறக்காமல் யோசித்துக்கொண்டே கிடந்தேன். அந்த இரண்டு கம்பு, அந்தக் குளியல், அந்த வால்வு, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து இறங்கின.

செப்டம்பர் 9

காசிம் பாயை வரச் சொன்னேன். கிருமி ஜாக்கிரதை என்று வாசற்படியிலேயே நின்றார்.

"ஓங்கோல் எங்க பாய்?"

அவர் குணாவைப் பார்த்தார். குணா அடுப்படியைப் பார்த்தாள்.

"எங்கிட்ட வந்து தீனியே எடுக்கலப்பா. கூண்டு மூலையில உக்காந்துக்கும். தண்ணி மாத்தறதுக்குக் கதவத் தொறந்தேன், பூட்ச்சி. அன்னிக்கு மழை. வந்து பாத்தா உன் மாடியில கீது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி. ரெண்டு தபா புட்ச்சிக்கினு போனேன், ரெண்டு தபாவும் வந்துட்ச்சி."

"அப்பால நாந்தான் வுடச் சொன்னேன்" என்றாள் குணா. "வந்த வீட்லேருந்து எத்தினி தபா தொரத்தறது? உங்கிட்ட சொன்னா நீ மாடிக்கு ஓடுவ."

ஓடுவேனாம். நேற்று பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனவனை ஓடுவேன் என்கிறாள்.

"இப்ப எப்பிடி கீது?" என்று கேட்டேன்.

"வந்து பாரு, சோமாஸ் மாதிரி கீது" என்றார் பாய். "எல்லாம் உன் சம்சாரம் கைதான்."

"இருட்டுல போட்டியா?" என்று குணாவைக் கேட்டேன்.

"எதுக்கு? எறக்க ஒடஞ்சதத்தான் இருட்டுல போடணும்னாரு பாய். இது ஒடையல, தேஞ்சு வந்துக்கீது. நெலக்கடலையும் கொண்டக்கடலையும் குடுத்து, தெனம் துணிய வீசிப் பறக்க வுட்டேன். மொத நாளு டேங்குக்கு மேல போகல. இப்ப தெருவே சுத்துது." தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீயுந்தான்யா ஒடையல."

கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எத்தனை வருஷமாகப் பறவை வளர்க்கிறேன். உடைந்ததற்கு ஒரு வைத்தியம், தேய்ந்ததற்கு ஒரு வைத்தியம், என் கூண்டில் முதல் குஞ்சு பொரித்த நாளிலிருந்து தெரியும். என் உடம்பு என்றதும் மாற்றிப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் குணா ஒரு முட்டையை உரித்துக் கொண்டுவந்து வைத்தாள். தின்றேன்.

செப்டம்பர் 12

புது ஏற்பாடு. குணாவின் மூளை, என் தொடை.

ஜன்னலோரம் நாற்காலி. எதிர் வீட்டுச் சுவருக்கும் எங்கள் சாய்ப்புக்கும் நடுவில் ஒரு துண்டு வானம் தெரியும், ஒரு முழம் அகலம் இருக்கும். சாயங்காலம் மேலே போய் அவள் துணியை வீசுவாள். ஓங்கோல் வட்டம் போடும். அந்தத் துண்டு வானத்தை அது கடக்கும்போதெல்லாம் நான் எழுந்து நிற்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி திறக்கக் கூடாது. அது டாக்டரின் சட்டம்.

முதல் நாள் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தேன். அது கடந்து போன பிறகுதான் நின்றேன். நின்று பார்த்தால் வெறும் வானம்.

செப்டம்பர் 15

வாயில் எது போட்டாலும் வெல்டிங் புகையைக் குடித்த ருசி. முட்டை, சுண்டல், மத்தி மீன், எல்லாம் அதே புகை. ஒரேயடியாக வைத்தால் குமட்டுகிறது என்று குணா கொஞ்சம் கொஞ்சமாகப் பகல் முழுக்கக் கொடுக்கிறாள். வறுத்த நிலக்கடலை ஒரு கிண்ணம். எனக்கும் ஓங்கோலுக்கும் ஒரே மூட்டையா என்று கேட்டேன்.

"அதுக்குப் பச்ச, உனக்கு வறுத்தது" என்றாள். மரியாதை தெரிந்தவள்.

செப்டம்பர் 19

ஒரு கையை எடுத்துவிட்டேன். ஒரு கை மட்டும் ஊன்றி எழுகிறேன். வீட்டுக்குள் முன்னறையிலிருந்து அடுப்படி வரை நடை. நடந்தால் மூச்சு வாங்குகிறது. மாத்திரை போட்ட பிறகு முன்னைவிடக் கொஞ்சம் தேவலை. நெஞ்சுக்குள் இருக்கிறவனையும் மெதுவாகத்தான் பழக்க வேண்டும்.

இன்று ஓங்கோல் வெகு நேரம் வரவில்லை. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அந்தத் துண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் ஒன்று வந்து நின்றது, கலைந்தது. வெளிச்சம் மஞ்சளாகிச் சிவந்தது. நான் இருக்கிறேனா, இந்த வீடு இருக்கிறதா என்ற மாதிரி ஒரு மயக்கம். திடீரென்று அது குறுக்கே போயிற்று, வயிற்றில் வெயில் பட்டு வெள்ளையாக. பார்த்தால் நான் நின்றுகொண்டிருக்கிறேன். கை எங்கே இருந்தது என்று நினைவில்லை.

செப்டம்பர் 20

நேற்று கை ஊன்றாமல் எழுந்தேன் என்று குணாவிடம் சொன்னேன். "சாட்சி யாரு?" என்றாள். இன்று முழுக்க முயற்சி செய்தேன். முடியவில்லை.

செப்டம்பர் 26

ஆஸ்பத்திரி. எக்கோவில் இதயம் மேலே ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. "தாங்கிப் பிடிச்சிருக்கு" என்றார் டாக்டர் நளாயினி. நாற்காலியைக் காட்டினார்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. ஏசி, ஒரு காலண்டர், கை கழுவும் தொட்டி. கையை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குணா காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று.

கண்ணை மூடினேன். அந்தத் துண்டு வானத்தை வரவழைத்தேன். எதிர் வீட்டுச் சுவர், தகரச் சாய்ப்பு, நடுவில் வெளிச்சம். காத்திருந்தேன். டாக்டர் என்னவோ சொன்னார், காதில் விழவில்லை. வந்தது. கடந்தது.

கண்ணைத் திறந்தபோது டாக்டரின் முகம் எனக்கு நேராக இருந்தது. நின்றுகொண்டிருந்தேன். "இன்னொரு தடவ" என்றார். உட்கார்ந்து மறுபடியும் எழுந்தேன்.

"படுக்க வைங்க, மருந்து ஏத்தலாம்" என்று நர்ஸிடம் சொன்னார். மருந்து ஏற்றப்போகிறார்கள் என்பதற்காக சந்தோஷப்பட்டு அழுத ஆள் அந்த வார்டில் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

அக்டோபர் 21

ஐந்தாவது முடிந்து நான்கு நாள். வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், எல்லாம் அழைக்காமலே வந்தன. ஆனால் இந்த முறை படுக்கையை மட்டும் உள்ளே விடவில்லை. முடியாத நாளில் ஒரு தடவை எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். மேலே ஓங்கோலும் மழையில் ஒரு வட்டத்தோடு இறங்கிவிடுமாம்.

நவம்பர் 8

ஆறாவது. முடிந்தது. மழை.

நவம்பர் 29

ஸ்கேனில் கட்டி இல்லை. டாக்டர் இரண்டு தடவை சொன்னார், நான் மூன்றாவது தடவை சொல்லச் சொன்னேன். இதயம் பழையபடி முழுசாக இல்லை, மாத்திரை தொடர வேண்டும், மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. வெல்டிங் டார்ச் பிடிக்கும் வேலை இனி கிடைக்குமா என்பது தெரியாது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்த குணா கடைசியில், "மொட்ட மாடிக்குப் போலாமா டாக்டர்?" என்றாள்.

இரத்த அணுக்கள் ஏறியதும் போகலாம். மாஸ்க் போட வேண்டும். கூண்டைச் சுத்தம் செய்யக் கூடாது, பறவையைத் தொடக் கூடாது, தூர நின்று பார்க்கலாம்.

டிசம்பர் 14

குணா காலையிலேயே மாடியைக் கழுவிவிட்டாள். சாயங்காலம் அவள் முன்னால் போனாள். நான் தனியாக வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பின்னால் வந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வாள், எனக்கு அது பிடிக்காது.

படிக்கட்டுத் திருப்பம் வரை ஏறிவிட்டேன். அதற்கு மேல் தொடை நடுங்கியது. இதயம் தொண்டைக்கு வந்து அடித்தது. மாஸ்க்குக்குள் மூச்சு சூடாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே கதவுக்கு வெளியே வெளிச்சம், மழை கழுவிய வானம். கீழே என் கட்டில், என் இருட்டு. உண்மையைச் சொல்கிறேன், இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு வரலாம், நாளைக்கு என்ன குறைந்துவிடப் போகிறது. ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தும்விட்டேன்.

அப்போது மேலே டப்பா குலுங்கியது.

கம்பு தகரத்தில் உரசுகிற சத்தம். வானத்தில் பறக்கும் ஓங்கோலைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். இறங்கியிருக்கும், இதோ நிறுத்திவிடுவாள் என்று காத்திருந்தேன். நிறுத்தவில்லை. கூப்பிட்டுப் பேசவும் இல்லை. விட்டு விட்டு, அவசரமில்லாமல், நான் குலுக்குகிற அதே தாளத்தில் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

கீழ்ப்படியில் வைத்த காலை எடுத்து மேலே வைத்தேன். அப்புறம் அடுத்த கால். நின்றேன், மூச்சு வாங்கினேன், ஏறினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றபோது சாயங்கால வெளிச்சம் மொத்தமாக மேலே விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை.

கண் பழகியதும் பார்த்தேன். ஓங்கோல் வானத்தில் இல்லை. குணாவின் காலடியில் நிதானமாகக் கம்பு பொறுக்கிக்கொண்டிருந்தது, ஓரடி அழுத்தமாக, ஓரடி லேசாக. எப்போதோ இறங்கிவிட்டிருக்கிறது. குணா அதைப் பார்க்கவே இல்லை. படிக்கட்டுக் கதவைப் பார்த்து டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"வந்துட்டியா" என்றாள்.

ம் என்றேன். மாஸ்க் நனைந்துவிட்டது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் எங்கேயும் விழுந்துவிட மாட்டேன் என்று பார்த்துக்கொண்ட பிறகு அவள் சொன்னாள், "வந்து சேந்தா பேரு வெக்கணும்ல? உனக்கு இன்னா வெக்கறது? மொட்ட மாடி."

"ஓங்கோல் எங்க, மொட்ட மாடி எங்க. மானம் போவும்டி."

"எது வரிக்கும் வந்தியோ அதானய்யா உன் பேரு."

நியாயம்தான். அடுத்த மாசம் தெருமுனை டீக்கடை வரை போய் வந்துவிட்டால் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.